பாதி அறுந்த கம்பி



கிணற்று மோட்டாரைப் பற்றிச் சென்ற திங்கள் எழுதியதைத் தொடர்ந்து வந்த மடல்களுள் ஒன்று, இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. காரின் பெட்ரோல் டாங்க் மூடிக்குப் போடும் பூட்டுகளில் எது வலுவானது, எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த மடலுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பூட்டு எதற்காக வேண்டியிருக்கிறது என்பதையும் அவர் விரிவாக எழுதியிருந்தபடியால், இத்திங்களின் பக்கங்கள் முழுவதும் அதற்கே ஆகிவிட்டன.

கணவர் சவூதி அரேபியாவில் பணிபுரிகிறார். வீட்டில் வயது முதிர்ந்த மாமியாரும் பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவரும் இருக்கின்றனர். மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கென்று 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, அதே மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞரை ஓட்டுநராக அமர்த்தியிருந்தார்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய கார், சில மாதங்களில் 10 கிலோமீட்டருக்கு இறங்கியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். பிளக்குகள் மாற்றப்பட்டன. காற்று வடிகட்டி மாற்றப்பட்டது. இன்ஜெக்டர்கள் கழுவப்பட்டன. பின்னர் ஆக்சிஜன் சென்சாரும், அதன் பின் வெப்பநிலை சென்சாரும் புதிதாகப் போடப்பட்டன. பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்று; மைலேஜ் ஏறவில்லை. வண்டியில் குறையில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் கைவிரித்ததும், கணவரின் தம்பி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: பெட்ரோல் திருடப்படுகிறது. ஓட்டுநர் நிறுத்தப்பட்டார். அந்த மாதச் சம்பளமும் கொடுக்கப்படவில்லை. இனி வரப்போகும் ஓட்டுநரும் அவ்வாறு செய்யாதிருக்கவே பூட்டு.

பூட்டுக்குப் பதிலாக நான் மூன்று வினாக்களை எழுதியனுப்பினேன். புகைக்குழாயிலிருந்து கரும்புகை வருகிறதா? கழற்றிய பழைய பிளக்குகளின் முனை கரி படிந்து கறுத்திருந்ததா? எஞ்சின் நன்றாகச் சூடேறி நிற்கும்போது பின்புறம் பெட்ரோல் வாடை வீசுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றே மறுமொழி வந்தது.

திருடப்பட்ட பெட்ரோல் புகைவதில்லை. டாங்கிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சியெடுக்கப்பட்ட பெட்ரோல் எஞ்சினுக்குள் போவதேயில்லை. ஆகவே அது பிளக்கில் கரியாகவும் படியாது, புகையாகவும் வராது. கரும்புகை வருகிறதென்றால் பெட்ரோல் எஞ்சினுக்குள்தான் போகிறது, தேவைக்கு மேல் போகிறது என்று பொருள். அந்த இளைஞருக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லக்கூடிய பொருள் ஒர்க்‌ஷாப் குப்பையில் கிடந்தது. அதை எவரும் கேட்கவில்லை.

அவ்வளவு பெட்ரோல் ஏன் போக வேண்டும்? இதை விளங்கிக்கொள்ளப் பழைய அம்பாசிடர் கார்களை நினைவுகூர்வது நலம். நம்மில் மூத்தவர்கள் அதன் சோக் கைப்பிடியை அறிவார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் நன்கு ஆவியாகாது. ஆகவே காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது சோக்கை இழுத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விடுவார்கள். எஞ்சின் சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்து ஊருக்குப் போய்வந்தால் கரும்புகையும் பெட்ரோல் செலவும் மிஞ்சும்.

பின்னர் வந்த கார்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1967-ஆம் ஆண்டிலேயே பாஷ் நிறுவனத்தின் மின்னணுப் பெட்ரோல் செலுத்தும் அமைப்பைத் தன் கார்களில் பொருத்தத் தொடங்கிவிட்டது. நம் நாட்டுச் சிறிய கார்களில் அது பரவியது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவாகி 1998-இல் வெளிவந்த சாண்ட்ரோ அவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய கார்களில் இழுப்பதற்குச் சோக் கைப்பிடி இல்லை. ஈ.சி.யு. எனப்படும் சிறு கணினியே எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறதென்று கேட்டறிந்து, பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறது. அதற்குச் செய்தி சொல்லும் உறுப்பே வெப்பநிலை சென்சார்.

அந்தச் சென்சாரின் வேலை மிக எளியது. எஞ்சினைச் சுற்றியோடும் கூலண்ட் நீருக்குள் அதன் முனை அமிழ்ந்திருக்கும். குளிர்ந்திருக்கையில் அதன் மின்தடை அதிகம். சூடேற ஏறக் குறையும். பெரும்பாலான கார்களில் 20 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓம் வரையிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். (ஓம் என்பது இங்கே ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளியாசிரியராக இருந்த ஜியார்க் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலில் மின்தடையின் விதியை விளக்கினார். ஆசிரியத் தொழில் செய்வோர் இடையிடையே இதைச் சொல்லி மகிழ்ந்துகொள்வதில் தவறில்லை.) கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு கம்பி வழியாக அனுப்புகிறது, சென்சாரின் தடைக்கேற்ப அந்த 5 வோல்ட்டில் எவ்வளவு எஞ்சுகிறதென்று அளந்து வெப்பத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

நீரின் நிலையை மிதவை கொண்டு அறிந்து, அதற்கேற்பத் தானே இயங்கும் பொறிகளை, தியார்பக்ர் நகரில் வாழ்ந்த அல்-ஜஸரீ 1206-ஆம் ஆண்டில் முடித்த தம் நூலில் படங்களோடு விவரித்திருக்கிறார். அவருக்கும் மூன்றரை நூற்றாண்டு முன்னரே பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் இத்தகைய பொறிகளைப் பற்றி எழுதினார்கள். இவர்களுடைய பெயரை மீலாது மேடைகளில் முழங்குகிறோம்; நம் வீட்டுப் பொறி பழுதானால் மட்டும் முதலில் மனிதரைச் சந்தேகிக்கிறோம்.

கணினிக்கும் சென்சாருக்கும் இடையேயுள்ள கம்பி முற்றிலும் அறுந்துவிட்டால் என்னவாகும்? கணினி அனுப்பிய 5 வோல்ட் அப்படியே திரும்பி நிற்கும். அதை அது மிகப்பெரிய தடை என்று, அதாவது மிகக் கடுங்குளிர் என்று படித்துக்கொள்ளும். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் சித்திரை வெயிலில் நிற்கும் காரின் எஞ்சின் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி என்று காட்டும்! இந்தச் செய்தி அறிவுக்குப் பொருந்தாததால் கணினியே ஐயுற்று, செக் எஞ்சின் விளக்கை எரியவிடும்.

சிக்கல் பாதி அறுந்த கம்பியில்தான் இருக்கிறது. உள்ளேயிருக்கும் செம்பு இழைகளுள் ஒன்றிரண்டு மட்டும் எஞ்சி, அவையும் களிம்பேறிப்போயிருந்தால், கம்பியே ஒரு தடையாக மாறிவிடுகிறது. எஞ்சின் சூடாகிச் சென்சார் 300 ஓம் என்று உண்மையைச் சொல்கிறது. வழியில் கம்பி தன் பங்குக்கு 2,000 ஓம் சேர்த்துவிடுகிறது. கணினியிடம் போய்ச் சேர்வது 2,300. அதன் கணக்கில் அது 20 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வெப்பம். காலையில் இப்போதுதான் ஸ்டார்ட் செய்த வண்டி! ஆகவே அது சோக்கை இழுத்தபடியே நாள் முழுதும் ஓட்டுகிறது. உறைநிலைக்குக் கீழே 40 என்பது அப்பட்டமான பொய்; பிடிபட்டுவிடும். 20 டிகிரி என்பது நம்பத்தக்க பொய். அக்காலக் கார்க் கணினிகள் பலவற்றுக்கு அதில் ஐயம் எழாது, விளக்கும் எரியாது.

ஓட்டுநருக்கு முன்னுள்ள வெப்பமானி முள் சரியாகத்தானே நடுவில் நிற்கிறது என்று கேட்கலாம். பழைய கார்கள் பலவற்றில் அந்த முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் வேறு, கணினிக்குச் சொல்லும் சென்சார் வேறு. ஒரே நீரில் இரண்டும் அமிழ்ந்திருக்கும். இரண்டின் கம்பியும் தனித்தனி. முள் சரியாக இருப்பது கணினிக்குச் சரியான செய்தி போகிறது என்பதற்குச் சான்றாகாது. இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சில கார்களில் ரேடியேட்டர் மின்விசிறியை ஓடவிடுவதும் இதே கணினிதான். எஞ்சின் குளிர்ந்திருப்பதாக அது எண்ணிக்கொண்டிருந்தால் விசிறி ஓடாது; எஞ்சின் கொதித்துவிடும். ஆகவே மைலேஜ் குறைவு என்பதோடு இதை ஒதுக்கிவிடலாகாது.

ஹதீஸ் கலை பயின்ற எவருக்கும் இந்த இடத்தில் இஸ்னாத் நினைவுக்கு வராமலிராது. ஒரு செய்தி நம்மை வந்தடைகையில் அதை முதலில் சொன்னவர் நேர்மையாளரா என்பதோடு நம் இமாம்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அறிவிப்பாளர் தொடர் இடையில் அறுந்திருந்தால், முதல்வரும் கடைசியானவரும் எத்துணை உத்தமர்களாயினும் அச்செய்திக்கு ‘முன்கதிஃ’ என்று பெயரிட்டுத் தனியே வைத்தார்கள். அடுத்தடுத்த இரு அறிவிப்பாளர்கள் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பது போதாது, இருவரும் சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் நிபந்தனை வைத்தார்கள். கார் ஒர்க்‌ஷாப்புகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. செய்தி தவறென்றதும் முதல் அறிவிப்பாளரான சென்சாரைக் கழற்றி எறிகிறார்கள். இடையிலுள்ள கம்பியை, கம்பிகள் ஒன்றோடொன்று சந்திக்கும் கப்ளரை எவரும் விசாரிப்பதில்லை.

இனி அந்தச் சகோதரியின் காருக்கு வருவோம். எங்கள் மத்ரஸாவில் ஓதிச் சென்ற ஒருவர் அவ்வூருக்கு அண்மையில் ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருக்கிறார். ஒரு மல்டிமீட்டரோடு போய்ப் பார்த்துவரும்படி அவரிடம் சொல்லியிருந்தேன். அன்று அஸருக்குப் பின் தொலைபேசியில் அழைத்தார்.

“ஹஜ்ரத், புதுச் சென்சாரில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் கழற்றிப்போட்ட பழைய சென்சாரையும் வாங்கி வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். அதுவும் நன்றாகவே இருக்கிறது.”

“பிறகு, தம்பி?”

“வழியில்தான் கோளாறு. சென்சாரில் அளந்தால் 310 ஓம். அதே சென்சாரை மாட்டிவிட்டுக் கணினிப் பக்கத்துக் கப்ளரில் அளந்தால் 2,400. கம்பியை ஆட்டினால் எண் துள்ளுகிறது.”

கப்ளரிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில், முன்னெப்போதோ யாரோ கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி, டேப் நழுவி, உள்ளே உப்புக்காற்று புகுந்திருந்தது. டேப்பைப் பிரித்தபோது செம்பு பச்சைப்பொடியாக உதிர்ந்ததாம். ஒரு சாண் கம்பியும் இரண்டு துண்டு ஸ்லீவும்தான் செலவு. மறுவாரம் லிட்டருக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் ஓடிற்று.

முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் கம்பியைச் சோதிக்காமலும் இல்லை. 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து, வருகிறது என்று கண்டு, கம்பி நன்று என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். இது பலரும் தடுமாறும் இடமாதலால் சற்று விளக்க வேண்டும். மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து அளக்கும்போது அது கம்பியின் வழியே மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதேயில்லை. மின்னோட்டம் இல்லாதபோது கம்பியின் தடை எதையும் இழக்கச் செய்யாது. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாதி அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருகை மூடிவைத்து அழுத்தத்தை அளந்தால் முழு அழுத்தமும் காட்டும். திறந்தால்தான் நீர் சொட்டுச் சொட்டாக விழுவது தெரியும். பாதி அறுந்த கம்பியும் அவ்வாறே. சும்மா அளந்தால் 5 வோல்ட் காட்டிவிடும்.

அந்த ஓட்டுநரின் நிலை என்னாயிற்று என்று கேட்பீர்கள். செய்தி தெரிந்த அன்று மாலையே கணவரின் தம்பியும் குடும்பத்துப் பெரியவர் ஒருவரும் அவர் வீட்டுக்குச் சென்று, நிறுத்திவைத்த சம்பளத்தைக் கொடுத்துப் பொருத்தம் வேண்டிக்கொண்டார்கள். அவரும் பொருந்திக்கொண்டதாகச் சகோதரி எழுதினார். ஆனால் வேலைக்குத் திரும்ப வரவில்லை. அவருடைய தாயார் மட்டும், “இதைத் தெருவில் சொன்னவர்களிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள்” என்றாராம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை நாம் அரசியல் வதந்திகளுக்கும் ஊர்ப் பூசல்களுக்கும்தான் மேற்கோள் காட்டிப் பழகியிருக்கிறோம். மைலேஜ் கணக்கும் ஒரு செய்திதான் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

வீட்டில் பழைய கார் வைத்திருப்போர் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது வீண்செலவன்று. பள்ளியில் இயற்பியல் பயிலும் பெண்பிள்ளைகள் இதை நம்மைவிட விரைவாகக் கற்றுக்கொள்வார்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள். வண்டி ஓடாத நிலையில் 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரையிலும் இருக்க வேண்டும். இங்கே குறையிருந்தால் மற்ற அளவுகள் எதையும் நம்ப முடியாது. அடுத்தது எர்த். எஞ்சினிலும் உடற்கூட்டிலும் போல்ட் வைத்து முடுக்கிய கறுப்புக் கம்பிகள் துருவேறினால் ஒரே நேரத்தில் பல சென்சார்கள் பொய் சொல்லத் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் எதிர்முனைக்கும் சென்சாரின் எர்த் கம்பிக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. நான்கைந்து சென்சார்கள் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று யாராவது சொன்னால், எர்த்தைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.

வெப்பநிலைச் சென்சாரைப் பொறுத்தவரை, சாவியை அணைத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றிச் சென்சாரின் தடையை இரவு முழுதும் நின்று குளிர்ந்த நிலையில் ஒரு முறையும், ஓடிச் சூடான பின் ஒரு முறையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். (சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிட வேண்டாம், கொதிநீர் முகத்தில் பீறிடும்.) இரண்டு அளவுகளும் மேலே சொன்ன வரம்பையொட்டி இருந்தால் சென்சார் குற்றமற்றது. ஸ்கேனர் கிடைக்குமானால் இன்னும் எளிய வழியுண்டு. கப்ளரைக் கழற்றிய நிலையில் திரையில் கடுங்குளிர் காட்ட வேண்டும். கப்ளரின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் கடுஞ்சூடு காட்ட வேண்டும். இணைத்த பின்னும் திரை நடுத்தரமான வெப்பத்தையே காட்டிக்கொண்டிருந்தால் கம்பியிலோ எர்த்திலோ தடையிருக்கிறது. ஸ்கேனர் இல்லாதபோது, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கணினியின் கப்ளரையும் கழற்றி, அந்தப் பக்கத்திலிருந்து சென்சாரையும் கம்பியையும் சேர்த்து அளக்கலாம். நம் எலக்ட்ரீசியன் செய்தது இதுதான். நல்ல கம்பி இந்தக் கணக்கில் ஓர் ஓம் கூடச் சேர்க்காது. அளக்கும்போதே மற்றொருவர் கம்பியை அங்கங்கே மெல்ல ஆட்டி வளைத்துப் பார்க்க வேண்டும். மேலுறை முழுமையாக இருந்தும் உள்ளே செம்பு ஒடிந்திருப்பது கப்ளரையொட்டிய வளைவிலேதான் மிகுதி.

கம்பியின் உறையைக் குண்டூசியால் துளைத்து அளக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து, அடுத்த ஆண்டு அதே இடத்தில் புதுக் கோளாறு பிறக்கும். பல்பு கோத்த சோதனை விளக்கையும் சென்சார் கம்பிகளில் வைக்கலாகாது. அது இழுக்கும் மின்னோட்டத்தைக் கணினி தாங்காமல் போகலாம். ஏர்பேக் உள்ள கார்களில் அதற்குரிய மஞ்சள் கப்ளர்களைத் தொடவே வேண்டாம்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் குறியீட்டு எண் வந்தால் காரியம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு முதலும், இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளையொட்டி 2010-இல் முதற்கட்டமாகவும் 2013-இல் இரண்டாம் கட்டமாகவும் இந்தத் தன்சோதனை ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய கார்களிலும் பலவற்றில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. பி 0118 என்ற எண் வந்தால் அதன் பொருள் ‘கூலண்ட் வெப்பநிலைச் சுற்றில் மின்னழுத்தம் மிகுதி’ என்பது. ‘சுற்று’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்சார், அதன் இரு கம்பிகள், கப்ளர்கள், எர்த், கணினி அனைத்தும் அச்சொல்லுக்குள் அடங்கும். படிப்பவர் ‘சுற்று’ என்பதை விட்டுவிட்டு ‘சென்சார் கெட்டது’ என்று சொல்லிவிடுகிறார். பி 0335 என்ற எண்ணும் அவ்வாறே. எஞ்சினின் கிராங்க் தண்டு சுழலும் நிலையைச் சொல்லும் சென்சாரின் சுற்றை அது குறிக்கும். அந்தச் செய்தி நின்றால் எஞ்சினே நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுவழியில் நின்று, அரை மணி நேரம் ஆறிய பின் ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆகுமானால் இதனை ஐயுறலாம். இதில் சென்சாரே சூட்டில் கெடுவதும் உண்டு, கம்பி கெடுவதும் உண்டு. அளக்காமல் சொல்ல இயலாது.

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர் என நம் மக்கள் மிகுந்து வாழும் ஊர்கள் பலவும் கடலோரத்தவை. உப்புக்காற்றில் செம்பு விரைவில் களிம்பேறும். செம்புப் பாத்திரத்தில் களிம்பு பிடித்தால் புளி போட்டுத் துலக்குவதுபோல் கப்ளர் முனைகளையும் புளித்தண்ணீரில் கழுவிய ஒருவரை நான் அறிவேன். அந்தப் புளிப்பு இடுக்கில் தங்கி மிச்சமிருந்த செம்பையும் தின்றுவிட்டது. எலக்ட்ரிகல் கடைகளில் இதற்கென்றே காண்டாக்ட் கிளீனர் என்னும் தெளிப்பான் கிடைக்கிறது. அதை அடித்து நன்கு உலரவிட்டுப் பூட்ட வேண்டும். முனைகள் விரிந்து தளர்ந்திருந்தால் மெல்ல நெருக்கிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரர் வரும்வரை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் கார்களில் எலி கடித்த கம்பிகள் வேறு. வாரம் ஒரு முறையேனும் பானெட்டைத் திறந்து பார்ப்பது நன்று.

இணைப்பு போடும்போது முறுக்கி டேப் சுற்றுவது வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை போதும். அதற்கு மேல் ஆகாது. இழைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஸ்லீவை மாட்டி, அசையாதபடி கட்டிவிட வேண்டும். கிராங்க் சென்சாரின் கம்பிகளில் மேலே உலோக வலை சுற்றியிருந்தால் அதனை அறுத்தெறியாமல் மறுபடியும் இணைக்க வேண்டும். பிளக் கம்பிகளுக்கு அருகே அவற்றைக் கொண்டுபோகலாகாது.

பழைய கார் என்றதும் தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரர் எழுதிய வேறொரு மடலுக்கும் இங்கேயே மறுமொழி கூறிவிடுகிறேன். தம் காரில் செக் எஞ்சின் விளக்கு அணைவதேயில்லை என்றும், விற்பனைத் தரகர் அந்த பல்பைக் கழற்றிவிட்டால் விலை நன்றாக வரும் என்கிறார், ‘இருக்கிற நிலையில் விற்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் மார்க்கத்தில் குற்றமில்லையா என்றும் கேட்டிருக்கிறார். அவ்வாறு சொல்லி விற்பதன் சட்டத்தில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. பல்பைக் கழற்றுவது அந்த விவாதத்துக்குள் வராது. அது குறையைச் சொல்லாமல் விடுவதன்று. குறையைச் சொல்லக்கூடியதன் வாயை அடைப்பது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, ஈரத்தை உள்ளே மறைத்து வைத்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை அச்சகோதரர் அறியாதவராக இருக்கமாட்டார். பின்னர் வாங்கியவருக்குக் குறை தெரிய வந்தால் ‘கியாருல் ஐப்’ என்னும் உரிமைப்படி காரைத் திருப்பிக் கொடுக்கவும் வழியுண்டு.

அவருக்கு நான் சொல்வது: விற்பதற்கு முன் நல்ல எலக்ட்ரீசியனிடம் கம்பியையும் கப்ளரையும் அளக்கச் சொல்லுங்கள். விளக்கை எரியவைத்தது ஒரு சாண் கம்பியாகவும் இருக்கக்கூடும். சரிசெய்துவிட்டு, எந்தக் கம்பி, எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக் காரின் புத்தகத்தோடு வைத்துக் கொடுங்கள். வாங்கப்போகிறவர்கள் தரகரின் பேச்சைக் கேட்குமுன் சாவியை மட்டும் ஒரு படி திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தட்டும். செக் எஞ்சின் விளக்கு அப்போது எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லையென்றால் பல்பு எங்கே என்று கேட்கலாம்.